குளத்து நாணல் காட்டில் நடக்கப் போகிறவர்களுக்கு

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள குளங்களுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தாமரையைப் படம் எடுக்கக் கல்லூரிப் பிள்ளைகளும் கூட்டமாக வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குளத்தங்கரைக்குப் போகிறேன் என்றால் பாம்பு இருக்கும், பார்த்துப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். சகதி ஆளை உள்ளே இழுக்கும் என்பார்கள். பெண்ணாக இருந்தால் தனியாகப் போகாதே என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் காலில் உள்ள ஒரு காயத்தின் வழியாக உடம்புக்குள் இறங்கி, ஒரு வாரம் எந்தச் சுவடும் காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு எலிக்காய்ச்சலாகக் கிளம்பிச் சிறுநீரகத்தையே பிடிக்கும் என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. இதே மாவட்டத்தில் பிறந்து, குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். எனக்கே தெரியாதென்றால் வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் பிடித்தன. அதன்பிறகுதான் பலருக்கு இந்தப் பக்கம் பார்வை திரும்பியது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, குளங்கள் நிறைந்து, மறுகால் பாய்ந்து ஓய்ந்த பிறகு மார்கழி, தை மாதங்களில் போனால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று வடக்கேயிருந்து வந்த கூட்டத்தைப் பார்க்கலாம். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இருக்கும். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் சவூதியில் இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும் பள்ளியில் படிக்கும் மகனும்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு குளத்துக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன். வாரம் முழுவதும் பில்லையும் ரசீதையும் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் மருந்து.

இது நடந்தது தேரூருக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிறிய குளத்தில். பெயரைச் சொல்லவில்லை. தாமரை பறிப்பவர்கள் தங்கள் வசதிக்காகக் கரையிலிருந்து உள்ளே ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். என்னால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது. தென்னந்தடிகளைச் சகதியில் ஊன்றி, குறுக்கே சட்டம் அடித்து, அதன்மேல் பலகை பரப்பியது. கைப்பிடி கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் வழிவிட வேண்டும். கரையை விட்டு இறங்கியதுமே சம்பங்கோரையும் நாணலும் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். காற்று வீசினால் அத்தனை தாள்களும் ஒன்றோடொன்று உரசுகிற ஓசையைத் தவிர வேறொன்றும் காதில் விழாது. நாகர்கோவில் – கன்னியாகுமரி சாலையில் போகிற லாரியின் ஹாரன்கூட அங்கே மங்கித்தான் கேட்கும். அந்தப் பாதையின் கடைசியில் கோரை விலகி, தாமரை இலை பரந்த திறந்த நீர் வரும். அங்கே குந்தி உட்கார்ந்தால் நீலத் தாழைக்கோழியைக் கை எட்டும் தூரத்தில் பார்க்கலாம். உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம். நெற்றியும் அலகும் செக்கச்செவேல். ஒரு கோரைத் தண்டை அலகால் வெட்டி இழுத்து, நீண்ட கால்விரல்களுக்குள் பற்றிக்கொண்டு, மேல் பட்டையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் தின்னும். கையால் பிடித்துத் தின்பது போலவே இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அந்தக் குளத்தை மற்றவற்றைவிட அதிகம் விரும்பினேன்.

அன்று திரும்பி வரும்போதுதான் பலகை முறிந்தது. முறிவதற்கு முன் ஒரு சத்தமும் வரவில்லை. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. முறிந்த பலகையின் முனையும் அதில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியும் முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்தன. பாதம் சகதியில் புதைந்தது. கையில் இருந்த செல்போன் தண்ணீரில் விழுந்தது. அது கறுத்த நீருக்குள் விளக்கெரிந்தபடியே இறங்கியதைப் பார்த்தேன். இடது கால் பலகைமேல் மடங்கிக் கிடந்தது. இரண்டு கையையும் ஊன்றி எழப் பார்த்தால் பக்கத்துப் பலகையும் நெகிழ்ந்தது. கூப்பிட்டேன். கோரை குரலை விழுங்கிவிட்டது. அன்று முகூர்த்த நாள் இல்லை, பூப் பறிக்க ஆள் வரவில்லை. அம்மாவிடம் குளத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன், எந்தக் குளம் என்பது அவருக்குத் தெரியாது. மகன் தூங்கி எழுந்து என்னைத் தேடுவான் என்ற நினைப்பு வந்ததும் அழுகை வந்தது. பயத்தை இங்கே குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத தண்ணீரில், ரத்தம் வடிகிற காலோடு, யாருக்கும் தெரியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரமும் அரை நாளாகத்தான் நகரும்.

தாமரை இலை அறுக்க வந்த ஒரு பாட்டாதான் என்னைப் பார்த்தார். மேல்துண்டும் அரிவாளுமாக வந்தவர் என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. பலகையைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்து, ஆணி அடித்த வரிசையில் மட்டும் அடி வைத்து வந்தார். "மக்களே, காலை இழுக்காதே. முன்னும் பின்னும் ஆட்டு. தண்ணீர் உள்ளே இறங்கட்டும், சகதி தானாக விடும்" என்றார். அதுவரை நான் காலை நேராக மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். இழுக்க இழுக்கச் சகதி கவ்விக்கொண்டது. அவர் சொன்னபடி பாதத்தை அசைத்துக் கொடுத்ததும் பிடி தளர்ந்தது. செருப்பு உள்ளேயே போய்விட்டது, கால் வந்துவிட்டது. துண்டை ஓர் ஓரமாகக் கிழித்துக் காயத்தில் கட்டிவிட்டார்.

அவர் நடந்து வந்த விதத்தில் இருந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பலகையில் ஆணி வரிசை எங்கே இருக்கிறதோ அதற்குக் கீழேதான் சட்டம் இருக்கும். அங்கே கால் வைத்தால் பாரத்தைச் சட்டம் தாங்கும். இரண்டு ஆணி வரிசைக்கு நடுவில் மிதித்தால் வெறும் பலகைதான் தாங்க வேண்டும். ஊன்றிய தடி கெடுவது தண்ணீருக்குள்ளே மூழ்கியிருக்கும் பகுதியில் அல்ல. நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், ஒருநாள் நனைந்து ஒருநாள் காயும் இடத்தில்தான் மரம் முதலில் உளுத்துப்போகும். மேலே நின்று பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது. அரசு போட்ட நல்ல நடைபாதையாக இருந்தாலும் மழைக்காலம் முடிந்த கையோடு போகிறவர்கள் கையில் ஒரு கம்பு எடுத்துக்கொண்டு, சந்தேகமான பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு நடப்பது நல்லது. செல்போனை ஒரு நெகிழிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு விசில் வைத்திருங்கள். கோரைக்குள் மனிதக் குரலைவிட விசில் தூரம் போகும். போகிற குளத்தின் பெயரையும் திரும்புகிற நேரத்தையும் வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.

காயத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கழுவித் தையல் போட்டார்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். அங்கே எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கேட்ட பேச்சுகள்தான் காயத்தைவிட வலித்தன. விடியற்காலையில் ஒரு பெண்ணுக்குக் குளத்தில் என்ன வேலை என்று மைனி கேட்டார். கணவர் ஊரில் இல்லாததை இரண்டு பேர் நினைவுபடுத்தினார்கள். நான் பதில் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை வேறொரு விதத்தில் பாதித்தது. அடுத்த வாரம் உடம்பு சரியில்லாமல் போனபோது, குளம் என்ற பேச்சை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. யாரிடமாவது குளம் என்றால் மறுபடி அதே விசாரணை தொடங்கும். கால் தவறி விழுந்தேன் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு பெண்ணைக் கேள்வி கேட்டே வாயடைக்கச் செய்வதால் அவள் உயிருக்கே ஆபத்து வரும் என்பதை அந்த நாட்களில்தான் நேரில் கண்டேன்.

தையல் ஆறத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, கடையில் உட்கார்ந்திருக்கும்போதே குளிர் எடுத்தது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். மாலைக்குள் 103 டிகிரி. நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் இடிப்பது போன்ற வலி. இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகிப்போயின. தொட்டால் கத்த வேண்டியிருந்தது. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். வைரஸ் காய்ச்சல், ஊரெல்லாம் அடிக்கிறது என்றார்கள். கால் வலியா, விழுந்ததால் இருக்கும் என்று வலிக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். இங்கே ஒரு நிமிடம் நிறுத்திச் சொல்கிறேன். விழுந்தது வலது கால். வலித்தது இரண்டு கெண்டைக்காலும். இதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த எனக்கும் யோசிக்கத் தெம்பில்லை. பின்னால் மருத்துவமனையில் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது: கெண்டைக்கால் தசை வலி இந்த நோயின் முக்கியமான அடையாளம். அதோடு, சிறுநீரகம் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது அப்படிப்பட்ட வலி மாத்திரைகள் அதை மேலும் கெடுக்கும். என்ன காய்ச்சல் என்று தெரியாதபோது பாராசிட்டமாலைத் தாண்டி வலி மருந்து எதையும் டாக்டரிடம் இரண்டு முறை கேட்காமல் விழுங்காதீர்கள்.

அடுத்து கண் சிவந்தது. பீளை இல்லை, உறுத்தலும் இல்லை, வெள்ளை விழி முழுவதும் ரத்தச் சிவப்பு. மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மெட்ராஸ் ஐ என்று பயந்து மகனை அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உடனே எல்லோரும் டெங்கு என்றார்கள். பப்பாளி இலைச் சாறு வந்தது, நிலவேம்புக் கஷாயம் வந்தது. டெங்கு பரிசோதனையில் இல்லை என்று வந்தது. இருந்தாலும் டெங்குதான், சில சமயம் முதலில் காட்டாது என்றார்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் கொஞ்சமாகப் போனது. அதைப் பார்த்துத்தான் அம்மா அழுதார். அன்று இரவே ஆட்டோ பிடித்து ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். என் ஆதார் அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் பையில் துழாவி எடுத்து, படிவத்தில் கையெழுத்தும் நானே போட்டேன். எழுத்து தாளில் நேராக நிற்கவில்லை. சவூதியில் கணவர் இரவு ஷிப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அந்த வரவேற்பு மேசையின் முன்னால் நின்ற நேரத்தில் உலகத்தில் எனக்கென்று ஒருவரும் இல்லை என்றே தோன்றியது.

என்னைக் காப்பாற்றிய கேள்வியைக் கேட்டவர் இரவுப் பணியில் இருந்த ஒரு சிஸ்டர். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஊசி குத்த நரம்பு தேடும்போது கெண்டைக்காலில் அவர் கை பட்டு நான் துள்ளினேன். காலைப் பார்த்தார், தையல் தழும்பைப் பார்த்தார், இமையை விலக்கிக் கண்ணைப் பார்த்தார். "அக்கா, சமீபத்தில் வயல், குளம், ஓடை எதிலாவது இறங்கினீர்களா?" என்று கேட்டார். நான் முழுக்கதையையும் சொன்னேன். அவர் நேராகப் போய் டாக்டரிடம் எலிப்பனியாக இருக்குமோ என்று கேட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. இங்கே எலிக்காய்ச்சல் என்கிறோம். மருத்துவத்தில் லெப்டோஸ்பைரோசிஸ். டாக்டர் வந்து மறுபடி எல்லாவற்றையும் கேட்டார். டெங்குவில் பொதுவாக வெள்ளணுக்கள் குறையும், எனக்குக் கூடியிருந்தன. மஞ்சள் காமாலை தொடங்கியிருந்தது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் 3-ஐத் தாண்டியிருந்தது. ஒரு பெண்ணுக்கு அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்று இரவே ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கினார்கள். எலிக்காய்ச்சலுக்குச் செய்கிற ரத்தப் பரிசோதனை காய்ச்சல் தொடங்கிச் சுமார் 5 முதல் 7 நாட்கள் ஆவதற்கு முன்னால் செய்தால் பெரும்பாலும் இல்லை என்றே காட்டும். அதனால் முதல் முடிவை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது என்று விளக்கினார். எனக்கு முடிவு பிறகு ஆம் என்றே வந்தது.

எலிகளும் மாடு, பன்றி, நாய் போன்ற பிராணிகளும் இந்தக் கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு சிறுநீரில் வெளியே விடுகின்றன. ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காயத்தின் வழியாகவும், நெடுநேரம் ஊறிய தோல் வழியாகவும், கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போகும். 2 நாளிலும் காய்ச்சல் வரலாம், 30 நாள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள். இதைக் கேட்டதும் அந்தக் குளம் வேறு விதமாகக் கண்முன் வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் கும்பப்பூ போக நெல் வயல். வரப்பெல்லாம் எலி வளை. மாலையில் மாடுகளைக் குளிப்பாட்டுவது அதே படித்துறையில். மழை அத்தனையையும் அலசிக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தத் தண்ணீரில்தான். பார்வைக்குக் குளம் தெளிவாக இருக்கிறதா, தாமரை பூத்திருக்கிறதா என்பதற்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழித்த இரவுகளைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் குடுவையில் சிறுநீரைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் கோட்டைப் பார்த்து எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டு போவார்கள். குறைந்தால் டயாலிசிஸ் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தத் தாள் தொங்கும். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் எழுதியதும் எட்டிப் பார்ப்பேன். கணக்கு எழுதுகிற எனக்கு வாழ்க்கையில் இவ்வளவு முக்கியமான எண் வேறு எதுவும் வந்ததில்லை. 40, 55, 50 என்று இருந்தது ஒரு விடியற்காலையில் 150 ஆனது. சிஸ்டர் அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். டயாலிசிஸ் வரை போகவில்லை. அதைச் சொல்லும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். கிளினிக், வெளியே எடுத்த பரிசோதனை, மருந்துக்கடை எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய்க்கு மேல். மருத்துவமனை பில் 68,000. செல்போன் 16,000. சம்பளம் இல்லாத விடுப்பில் போனது 18,000. ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காப்பீட்டில் 41,000 கிடைத்தது. அதுவும் மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்ற விதி என் பாலிசியில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் சொல்லித்தான் நேரத்துக்குள் போன் செய்தேன். உங்கள் பாலிசியில் அந்த விதி எப்படி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். என் மனதை அதிகம் உறுத்தியது பில்லில் இருந்த வேறொரு விஷயம். எலிக்காய்ச்சலைக் கொன்ற அந்த ஆன்டிபயாடிக்கின் விலை மொத்தத் தொகையில் மிகச் சிறிய பகுதி. மற்றதெல்லாம் கட்டில், மானிட்டர், திரும்பத் திரும்ப எடுத்த பரிசோதனை. காய்ச்சலின் முதல் நாளிலேயே கண்டுபிடித்திருந்தால் பலருக்குச் சில நாள் டாக்சிசைக்ளின் மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாத்திரை சில ரூபாய்தான். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போயிருந்தால் அந்த 68,000 ரூபாய் பில்லே வந்திருக்காது. இரவில், பதற்றத்தில், பக்கத்தில் இருக்கிற கட்டடத்துக்குத்தான் கால் போகிறது. அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எங்கே போவது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரங்கள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடனே வேலைக்குப் போகலாம் என்று எண்ணிக் கடையில் தேதி சொல்லிவிடாதீர்கள். கிரியேட்டினின் இயல்புக்கு வந்துவிட்டதா என்று மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்ப்பதையும் விட்டுவிடக்கூடாது. காய்ச்சல் போனதும் எல்லாம் போய்விட்டதாகத் தோன்றும். குளத்திலோ வயலிலோ இறங்கியவர்கள் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, இன்ன தேதியில் குளத்துத் தண்ணீர் என் உடம்பில் பட்டது, காயமும் இருந்தது, எலிக்காய்ச்சலாக இருக்குமா என்று பாருங்கள் என்று சொல்லிவிட வேண்டும். நெரிசலான கிளினிக்கில் டாக்டருக்கு உங்களிடம் கேட்க இரண்டு நிமிடம்தான் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் அடிக்கும் நாட்களில் அந்த இரண்டு நிமிடத்தில் குளம் வராது. அங்கே ஏன் போனீர்கள் என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தண்ணீரில் இறங்கினேன் என்பது மட்டும்தான் டாக்டருக்குத் தேவை.

காலில் புண்ணோ வெடிப்போ இருக்கும் நாளில் கரையோடு நின்றுவிடுவது நல்லது. ரப்பர் செருப்பில் போகாதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் விவசாயப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. திரும்பி வந்ததும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். குளத்துத் தண்ணீரில் முகம் கழுவுவதும், கேமராவைப் பிடித்த ஈரக் கையால் கண்ணைத் துடைப்பதும் வேண்டாம்.

நடக்க முடிந்ததும் அந்தப் பாட்டாவைப் பார்க்க ஒரு புதுத் துண்டோடு போனேன். காய்ச்சல் கதையைச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவில்லை. மழை முடிந்தால் தங்களில் யாராவது ஒருவருக்கு இப்படி அடிக்கும், கால் இழுக்கும், கண் சிவக்கும், தண்ணீரில் நிற்பதால் வருகிற சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம் என்றார். கழுத்தளவு தண்ணீரில் நின்று பூப் பறிக்கிறவர்கள் இவர்கள். தாமரைத் தண்டின் முள் கீறாத இடம் அவர்கள் கையில் இல்லை. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை நடை, அவர்களுக்கு அன்றாடப் பிழைப்பு. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களுக்குச் சுகாதாரத் துறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரத்துக்கு ஒருமுறை என்று முன்கூட்டியே கொடுத்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அந்த மாத்திரை ஆகாது, டாக்டர் சொல்லாமல் யாரும் போடக்கூடாது. இதைப் பாட்டாவிடம் சொல்லி, எனக்குத் தையல் போட்ட அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரையும் அவரோடு பறிக்கிற இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கையிலும் காலிலும் உள்ள கீறல்களைப் பார்த்து, எத்தனை மணி நேரம் தண்ணீரில் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அவர்களுக்கு என்ன மருந்து, எத்தனை வாரம் என்று அவரே முடிவு செய்து கொடுத்தார். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது மற்றவர்களையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி பிறந்ததும் போவதாகப் பாட்டாவோடு பேசி வைத்திருக்கிறேன்.